மணி நிற்காமல் அடித்தால்: பிள்ளைகளின் அழற்சி நோய்களை எப்படிப் புரிந்துகொள்வது

ஒரு பிள்ளைக்கு ‘எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட நோய்’ என்று டாக்டர் சொல்லிவிட்டால், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி பத்தவில்லை. பொழுது சாய்வதற்குள் யாராவது ஒரு டின் பவுடரோடு வாசலில் நிற்பார்கள். ‘சக்தியைக் கூட்டும், ரெண்டே மாசம்’ என்பார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

டாக்டர் சொன்னதோ இதற்கு நேர்மாறு. அந்தப் பிள்ளையின் எதிர்ப்பு சக்தி குறையவில்லை, வேலை இல்லாத நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைக் கூட்டி என்ன செய்ய? அடக்கத்தான் வேண்டும். எதை அடக்குவது என்பதுதான் சிக்கலே. இந்தக் கேள்விக்கு ஒரு துளி ரத்தத்திலிருந்து பதில் தேடியவர்களில் முக்கியமானவர் விர்ஜினியா பாஸ்குவல் என்ற குழந்தை மருத்துவர். ஸ்பெயினிலிருந்து அமெரிக்கா போனவர். டல்லஸ் நகரின் பேய்லர் ஆய்வு நிலையத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைநல ஆய்வு நிலையத்துக்குத் தலைமையேற்றார். அவர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொண்டால் பவுடர் டின் ஏன் வீண் என்பதும் தானாகப் புரியும். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை.

ஜாகாவும் கிராணியும்

நம் உடம்பின் பாதுகாப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. பழைய தோட்டத்தை நினைத்துக்கொண்டால் இது சுலபமாக விளங்கும்.

1. பிறவி எதிர்ப்பு. இது தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகா, அதாவது காவலாளி மாதிரி. யார், எவர் என்றெல்லாம் விசாரிக்காது. சந்தேகமாக ஏதாவது அசைந்தால் போதும், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை எடுத்து அடித்து ஊரைக் கூட்டிவிடும். கிருமி உள்ளே நுழைந்த சில மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்துவிடும்.

2. கற்ற எதிர்ப்பு. இது செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டை வைத்திருக்கும் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். மெதுவாக வரும், பெயர் பார்க்கும், ஒருவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டால் வருஷக்கணக்கில் மறக்காது. தடுப்பூசி வேலை செய்வதே இந்த ஞாபகத்தை வைத்துத்தான். கிராணி கையில் இருக்கும் ஆயுதம் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி.

ஜாகா அடிக்கும் மணிச் சத்தம்தான் இங்கே முக்கியம். செல்கள் ஒன்றையொன்று கூப்பிடச் சுரக்கும் ரசாயனச் சேதிகள் அவை. சைட்டோகைன் என்பது பொதுப் பெயர். அவற்றில் இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

ஒன்று இன்டர்லூக்கின் 1. காய்ச்சலை வரவழைக்கும் முக்கியப் பொருள்களில் ஒன்று, மிகச் சிறிய அளவே உடம்பைக் கொதிக்க வைத்துவிடும். சார்ல்ஸ் டினரெல்லோ என்ற ஆராய்ச்சியாளர் 1977இல் மனித வெள்ளணுக்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார், அப்போது அதற்கு வேறு பெயர். இன்னொன்று இன்டர்ஃபெரான். வைரஸ் வந்தால் அடிக்கும் மணி. 1957இல் ஐசக்ஸ், லின்டன்மன் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தது.

கிருமி போனதும் மணி நிற்க வேண்டும். நிற்காவிட்டால்?

கோளாறு இரண்டு வகை

இங்கேதான் பலருக்கும் குழப்பம். டாக்டர்களே அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள்.

1. தன்னெதிர்ப்பு நோய். கிராணியின் பட்டியலில் தப்பான பெயர்கள் ஏறிவிட்டன. சொந்த ஆட்களையே திருடர் பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு தேடித் தேடி அடிக்கிறார். லூபஸ் இதற்கு நல்ல உதாரணம். உடம்பு தன் சொந்த உயிரணுக்களின் உட்கருப் பொருளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்கிறது. ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை தேடுவது அதைத்தான்.

2. தன்னழற்சி நோய். இதில் கிராணிக்குச் சம்பந்தம் குறைவு. பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது, ஜாகாதான் ஆளே இல்லாத இருட்டைப் பார்த்து விடிய விடிய மணி அடிக்கிறார். எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ‘ரத்தம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிற சங்கடம் இதில் உண்டு. இந்த வகைக்கு ஒரு தனிப் பெயரே 1999இல்தான் வந்தது, டேனியல் காஸ்ட்னர் குழுவினர் பரம்பரைக் காய்ச்சல் ஒன்றுக்குக் காரணமான மரபணுவைக் கண்டபோது வைத்தது.

இரண்டிலும் விளைவு அழற்சி: வீக்கம், சூடு, சிவப்பு, வலி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் கிராணியைத் திருத்துவதும் ஜாகாவின் கையைப் பிடிப்பதும் ஒரே வேலையா?

ஒரு நோட்டுப் புத்தகம்

பிள்ளைகளுக்கு வரும் மூட்டு அழற்சியில் ஏழு பிரிவுகள் உண்டு. 16 வயதுக்கு முன்னால் தொடங்கி, குறைந்தது ஆறு வாரம் நீடித்து, வேறு காரணம் எதுவும் கிடைக்காவிட்டால்தான் அந்தப் பெயரையே வைப்பார்கள். அந்த ஏழில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற டாக்டர் 1897இலேயே விவரித்தது, இன்றும் பலர் ஸ்டில் நோய் என்றுதான் சொல்கிறார்கள். மூட்டோடு நிற்காமல் உடம்பு முழுவதையும் பிடிக்கும் வகை.

இதைக் கண்டுபிடிக்க இயந்திரத்தைவிட முதலில் உதவுவது ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஓர் ஆறு வயதுப் பையனை வைத்துக்கொள்வோம். பெருக்கல் வாய்பாடு அச்சடித்த பின்னட்டைக்கு முந்தைய பக்கத்தில் அவன் அம்மா பேனாவால் கோடு போட்டு எழுதியது இப்படி இருக்கும்: காலை 7 மணி 36.6. மதியம் 37. சாயங்காலம் 6 மணி 39.7, நெஞ்சில் தடிப்பு. ராத்திரி 10 மணி 37.2, தடிப்பு இல்லை. மறுநாளும் இதேதான். அதற்கு மறுநாளும். காலையில் அந்தப் பையன் எழுந்து ரொட்டி தின்று, தம்பியோடு சைக்கிளுக்குச் சண்டை போடுவான். சாயங்காலம் வந்தால் துணிமூட்டையாகச் சுருண்டுவிடுவான், முழங்காலைத் தொட விடமாட்டான். பத்து மணிக்குக் கிளினிக்குக் கூட்டிப் போனால் அங்கே காய்ச்சலே இருக்காது!

நாளுக்கு ஒரு தரம், சில சமயம் இரண்டு தரம், உச்சிக்கு ஏறி, பிறகு இயல்புக்கோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடும் இந்தக் காய்ச்சல் இரண்டு வாரமாவது நீடிப்பதும், அதோடு மூட்டு வீங்குவதும், காய்ச்சல் ஏறும்போது மட்டும் வந்து மறையும் வெளிர்சிவப்புத் தடிப்பும்தான் நோயின் முகம். நெறிக்கட்டு, ஈரல், மண்ணீரல் பெருப்பதும் உண்டு. அந்தத் தடிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவப் புத்தகப் படங்களில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம் பிள்ளைகளின் மாநிறத்தில், கறுப்புத் தோலில் அது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. தெரிந்தாலும் நம் ஊரில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் முதலில் நினைவுக்கு வருவது அம்மைதான். வேப்பிலை வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல், மூன்று தண்ணீர் ஊற்றும் வரை காத்திருக்கிறார்கள். சின்னம்மைக் கொப்புளம் வந்தால் நாட்கணக்கில் இருக்கும், காய்ந்து பொருக்கு விடும். மணிக்கணக்கில் வந்து வந்து போனால் அது அம்மை இல்லை.

டாக்டரும் ஒரேயடியாக இந்தப் பெயரைச் சொல்லிவிட மாட்டார், சொல்லவும் கூடாது. டிங்கி, எலிச் சிறுநீர் நோய், டைஃபாய்டு, ரத்தப் புற்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டி, கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு சிவந்திருந்தால் காவசாக்கி நோயா என்றும் பார்க்க வேண்டும். ஜப்பானிய டாக்டர் தொமிசாகு காவசாக்கி 1967இல் விவரித்தது. அதில் காலதாமதம் இதயத்தின் ரத்தக் குழாயைப் பாதிக்கும் என்பதால் அது தனி அவசரம்.

9 பிள்ளைகள்

இப்போது பாஸ்குவலிடம் வருவோம்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஸ்டில் நோய்ப் பிள்ளைகளுக்கு இருந்த முக்கிய மருந்து ஸ்டீராய்டு. கேட்கும், ஆனால் விலை வாங்கிக்கொள்ளும். முகம் ஊதும், எலும்பு பலம் இழக்கும், வளர்ச்சி நின்றுபோகும். மற்ற மூட்டுவாதங்களுக்கு அப்போது புதிதாக வந்து பிரமாதமாக வேலை செய்த, டிஎன்எஃப் என்ற இன்னொரு சைட்டோகைனைத் தடுக்கும் ஊசிகள் இந்தப் பிள்ளைகளிடம் மட்டும் சரியாக எடுபடவில்லை. அப்படியென்றால் இங்கே அடிக்கும் மணி வேறு.

எந்த மணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேராக ரத்தத்தில் அளந்தால் இன்டர்லூக்கின் 1 அகப்படாது, அவ்வளவு சொற்பம். அதனால் சுற்று வழியில் போனார்கள்.

1. நோயாளிப் பிள்ளையின் ரத்தத்திலிருந்து சீரத்தை, அதாவது அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரை, எடுத்தார்கள்.
2. அதை ஆரோக்கியமான ஒருவரின் வெள்ளணுக்கள் மேல் ஊற்றினார்கள்.
3. அந்த வெள்ளணுக்களில் எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று பார்த்தார்கள்.

மூன்றாவது படியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. வேலை செய்யும் மரபணு தன்னைப் பிரதியெடுத்து ஆர்என்ஏவாக வெளியே அனுப்பும். அந்தப் பிரதிகளை ஆயிரக்கணக்கில் ஒரே தடவையில் எண்ணிவிட மரபணுச் சில்லு என்ற கருவி அப்போது வந்திருந்தது. பிளாச்சான் (இறால் விழுது) வறுத்தவர் அடுப்படியை விட்டு எப்போதோ போயிருப்பார், வாசனை மட்டும் மூன்றாவது வீடு வரை இருக்கும் இல்லையா? சைட்டோகைனும் அப்படித்தான். அது போய்விட்டாலும் அது எழுப்பிவிட்ட மரபணுக்களின் பட்டியல் இன்னார் வந்து போனார் என்று காட்டிக்கொடுத்துவிடும். பாஸ்குவலின் எல்லா ஆய்வுக்கும் அடித்தளம் இந்த ஒரு யோசனைதான் என்று நினைக்கிறேன்.

பட்டியல் காட்டிய பெயர் இன்டர்லூக்கின் 1. அந்தப் பிள்ளைகளின் சொந்த வெள்ளணுக்களைத் தூண்டிப் பார்த்தபோதும் அதையே வாரிக் கொட்டின. அப்புறம் நடந்தது ஒரு நல்ல தற்செயல். இன்டர்லூக்கின் 1ஐத் தடுக்கும் அனாகின்ரா என்ற ஊசி 2001 முதலே கடையில் இருந்தது, பெரியவர்களின் மூட்டுவாதத்துக்கு. அங்கே அது பெரிதாகப் பெயர் வாங்கவில்லை. மற்ற மருந்துக்கு மசியாத 9 பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 7 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது, மீதி 2 பேருக்கு ஓரளவு. 2005இல் இந்த முடிவு வெளியானது.

ஒன்பது பேர் என்பது சின்னக் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று ஊசி போட்ட குழுவும் இல்லை. அதனால் இதை மட்டும் வைத்து யாரும் குதிக்கக் கூடாது, குதிக்கவும் இல்லை. 2012இல் கனகினுமாப் என்ற இன்னொரு தடுப்பு ஊசியை வைத்து 84 பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்தார்கள். 15வது நாளில் மருந்து பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள், வெற்று ஊசி பெற்றவர்களில் 10 விழுக்காட்டினர். மறு ஆண்டே அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. அனாகின்ரா தினமும் போட வேண்டும், கனகினுமாப் நாலு வாரத்துக்கு ஒன்று. சின்னப் பிள்ளைக்குத் தினம் ஒரு ஊசி என்பது எப்படிப்பட்ட வேலை என்று பெற்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

லூபஸில் வேறு மணி

அதே வாசனை முறையை லூபஸ் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்தபோது கிடைத்தது வேறு பெயர். 2003இல் பாஸ்குவல் குழு வெளியிட்ட ஆய்வில், மிகக் கடுமையான கணக்கில் தேறிய 15 மரபணுக்களில் 14, இன்டர்ஃபெரான் எழுப்பிவிடுபவை. லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் இருப்பது 1979இலேயே தெரிந்த விஷயம்தான், ஆனால் அது நோயின் மையம் என்று இவ்வளவு பளிச்சென்று காட்டியது இந்த வகை ஆய்வுகள். வைரஸே இல்லாமல் வைரஸ் மணி அடிக்கிறது. இன்டர்ஃபெரானின் கதவை அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்து 2021இல் பெரியவர்களின் லூபஸுக்கு அனுமதி பெற்றது.

இதற்கு ஏன் பிள்ளைகளின் ரத்தம்? பெரியவர்களுக்கு லூபஸோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, பத்து வருஷ மாத்திரை எல்லாம் கலந்திருக்கும். பிள்ளைகளிடம் நோய் தனியாகத் தெரிகிறது. அதிலும் அது கடுமையாகவே வருகிறது, சிறுநீரகத்தைப் பிடிப்பது பெரியவர்களைவிடப் பிள்ளைகளில் அதிகம்.

2016இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 158 லூபஸ் பிள்ளைகளின் ரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, 900க்கு மேற்பட்ட மாதிரிகளைப் படித்து, அவர்களை ஏழு கூட்டமாகப் பிரிக்க முடியும் என்று காட்டினார்கள். பெயர் ஒன்று, உள்ளே நடப்பது ஏழு விதம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மருந்து நம் பிள்ளைக்குக் கேட்காமல் போனால் அது டாக்டரின் திறமைக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

2021இல் வந்தது எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. சிவப்பணு வளரும்போது தன் மைட்டோகாண்ட்ரியாவை, அதாவது செல்லின் சக்திக் கொட்டடியை, தூக்கிப் போட்டுவிட்டுத்தான் ரத்தத்துக்குள் வர வேண்டும். சில லூபஸ் பிள்ளைகளின் சிவப்பணுக்கள் அதைக் கழற்றாமலே வந்துவிடுகின்றன. எதிர்ப்பொருள் ஒட்டிய அந்தச் சிவப்பணுக்களைத் துப்புரவு செல்கள் விழுங்கும்போது, உள்ளே இருக்கும் மரபுப் பொருளைப் பார்த்து வைரஸ் என்று மிரண்டு இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. ஆக்சிஜன் சுமக்கும் கூலி என்று மட்டுமே நினைத்திருந்த சிவப்பணு இந்த வழக்கில் வந்து நிற்கும் என்று யார் எதிர்பார்த்தது!

அபாயம் எங்கே

ஸ்டில் நோயில் பயப்பட வேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது. ஏறத்தாழ பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு அது வெளிப்படையாக வரலாம். துப்புரவு செல்கள் வெறிபிடித்து ரத்த அணுக்களையே விழுங்க ஆரம்பிக்கும். அதன் அடையாளங்கள்:

1. ஏறி இறங்கிக்கொண்டிருந்த காய்ச்சல் இறங்காமல் நிலைத்து நிற்பது.
2. தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், சரிவது.
3. ஃபெரிட்டின் என்ற ரத்த அளவு ஆயிரக்கணக்கில் எகிறுவது.
4. ஈரல் கெடுவது, ரத்தக் கசிவு, மந்தமாகிக் குழம்புவது.

இந்தப் பட்டியலை நம் ஊரில் யாரிடம் காட்டினாலும் ‘டிங்கி’ என்பார்கள். தப்புச் சொல்ல முடியாது, கடுமையான டிங்கியிலும் இவை வரும். ஆனால் ஸ்டில் நோயில் சாதாரணமாகத் தட்டணு கூடியிருக்கும். கூடியிருந்தது திடீரென்று ‘சாதாரண அளவுக்கு’ வந்தால் அதுவே ஆபத்தின் முதல் படியாக இருக்கலாம். அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் என்ற ரத்த அளவு குறைவதும் அப்படித்தான், காகிதத்தில் பார்த்தால் தேறுவது போலத் தெரியும். அதனால்தான் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடக் கூடாது. ஒரு நாள் எண்ணைவிட எண் நகரும் திசை முக்கியம்.

இங்கே என்ன செய்வது

முதல் வாசல் அரசு கிளினிக்தான். 1 வெள்ளிக்குப் பார்த்துவிடலாம், அங்கிருந்து லெட்டர் வாங்கி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகளின் மூட்டு, அழற்சி நோய்களுக்கென்றே பயிற்சி பெற்ற நிபுணர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதற்குப் பெயர் பெற்ற இடம் சிலாயாங் மருத்துவமனை. நமக்கு அது போக வர ஒரு முழு நாள். தோட்டத்தில் நாள் சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த நாளும் கணக்குதான். இந்த ஊசிகளின் விலையும் சாமானியர் எட்டும் உயரத்தில் இல்லை, எல்லாப் பிள்ளைக்கும் உடனே கிடைத்துவிடும் என்று நினைத்துப் போகக் கூடாது. ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் போன்ற பழைய மருந்துகளோடுதான் பலருக்கு ஆரம்பமாகும்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை:

1. நோட்டு. ஒரு நாளைக்கு நாலு தரம் காய்ச்சல் கணக்கு, குறைந்தது ஒரு வாரம்.
2. தடிப்பின் படம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது, குழல் விளக்கின் கீழே, ஃபோனில் எடுத்தது.
3. காலையில் எழுந்ததும் பிள்ளை நொண்டுகிறதா, எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்ற குறிப்பு.
4. தடுப்பூசிப் புத்தகம். எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்கும்போது உயிர்க்கிருமி உள்ள தடுப்பூசிகளைத் தள்ளிவைக்க வேண்டிவரும், காசநோய் இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்ப்பார்கள்.

அப்புறம் அந்தப் பவுடர் டின். ‘சக்தி கூட்டும்’ சரக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தால் காசோடு போயிற்று. ஆனால் சில பேர் சத்தியம் செய்வார்கள், சாப்பிட்ட மூன்றாம் நாளே காய்ச்சல் போயிற்று, வீக்கம் வற்றிற்று என்று. பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மூட்டுவலிக்கென்று விற்கும் பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்து விற்றதை நம் சுகாதார அமைச்சு பல தடவை பிடித்திருக்கிறது. அப்படிப்பட்டது பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் நோய் ஒளிந்துகொள்ளும், பரிசோதனை தடம் மாறும், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரக்காமல் பிள்ளை மயங்கி விழலாம். அதனால் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். திட்டு விழும் என்று பயந்து டின்னை அலமாரியில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நோட்டோடு சேர்த்து அதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், லேபிளைக் கிழிக்காமல்.